முன் பிரேக்

ஏரிக்கரை முகாம்
மார்ச் 3

என் மெக்கானிக்குக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா, ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன். வேன் ஏற்றத்தில் எல்லாம் இருமியது. சுருட்டை ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "வாடா ராஜா, இன்னும் ரெண்டே வளைவு" என்று கெஞ்சிக் கெஞ்சி ஏற்றினாள். பல் டாக்டர் அல்லவா, வலிக்கிறவர்களிடம் பேசிப் பழகிய குரல். ஆனால் கூடாரத்தின் ஆணிகளை அடிக்கும்போது மட்டும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற வேகம். என் சிநேகிதிகளிலேயே உனக்கு அவளைத்தான் பிடிக்காது. தெரிந்தும் அவளைப் பற்றி எழுதுகிறேன். நான் இருக்கும் இடத்தில் இருப்பது அவள்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது?

இங்கே பதினொரு கூடாரம் போட இடம் இருக்கிறது. போட்டிருப்பது எங்களுடையது மட்டும். சீசன் முடிந்துவிட்டதாம். காவலாளி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, எந்தப் பாதையில் போவோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக்கொண்டார்.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"வரலைன்னா எங்க தேடணும்னு தெரியணும்ல" என்றார், ரேஷன் அட்டை நம்பர் கேட்பவர் போல.

மாலையில் காட்டுப் பாதையில் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினோம். பாதை முழுக்க மரத்தின் வேர்கள். முன் பிரேக் விரலால் தொட்டதும் பிடிக்கிறது. கிளம்புகிற காலையிலும் உட்கார்ந்து பிரேக்கின் பழைய ஆயிலை எடுத்துப் புதிது ஏற்றிக் கொடுத்தாயே, அதற்கு அங்கேயே நன்றி சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

நாம் பேசி வைத்ததை மறுபடி எழுதிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். மூன்று வாரம். இருபத்து நான்காம் தேதி உனக்குப் பதில் சொல்வேன்: வீட்டுக்குத் திரும்புகிறேனா, இல்லையா என்று. அதுவரை போன் இல்லை. என்னுடையது பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. சுருட்டை உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாள்; போன வருடம் ஒரே நாளில் முப்பத்தாறு முறை கூப்பிட்டாய் என்பதை அவள் மறக்கவில்லை. கடிதம் எழுது. எழுதும்போது நீ நல்லவனாக இருக்கிறாய். நிதானமாக, கேலியாக, நான் கட்டிக்கொண்ட ஆளாக. நாங்கள் தங்கும் ஊர்களின் தபால் நிலையங்களைக் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உறையின் மேல் "வந்து பெற்றுக்கொள்வார்" என்று எழுதினால் பதினைந்து நாள் வைத்திருப்பார்கள்.

சாப்பிடு. டீயை மட்டும் குடித்துக்கொண்டு கிடக்காதே.

உன்
வாலு



வீடு
மார்ச் 5

என் வாலுவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. கடையில் ஆள் நிற்கும்போதே பிரித்துப் படித்தேன். "ஐயா, பஞ்சர்" என்று அவர் மூன்று தடவை சொன்னாராம்.

வீட்டில் சத்தமே இல்லை. குளியலறைக் குழாய் சொட்டுவது உனக்குப் பிடிக்காது என்பதால் நீ போன அன்றே வாஷரை மாற்றினேன். இப்போது அந்தச் சத்தமும் போய்விட்டது. மாற்றாமல் இருந்திருக்கலாம். பழக்கத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிடுகிறேன். இரண்டையும் நானே குடிக்கிறேன். நீ டீயைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தபோது கையில் இரண்டாவது டம்ளர் இருந்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பயப்படாமல் படி.

நேற்று ஒருவருடைய பைக்குக்கு ஆயில் மாற்ற அலமாரியைத் திறந்தேன். உன் பைக்குக்கு ஊற்ற வேண்டியது மினரல் ஆயில், சிவப்பாக இருக்கும். கார் பிரேக் ஆயில் வேறு, அது மஞ்சள். இரண்டையும் ஒரே மாதிரி வெள்ளைப் புட்டியில் மாற்றி வைத்திருக்கிறேன். சிவப்புப் புட்டி நிறைந்திருக்கிறது. மஞ்சள் புட்டி குறைந்திருக்கிறது. அன்று காலை அவசரத்தில் உன் பைக்கின் இரண்டு பிரேக்கிலும் கார் ஆயிலை ஏற்றியிருக்கிறேன்.

இது என்ன செய்யும் என்றால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களை ஊற வைக்கும். முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. லீவர் முன்னைவிட இறுக்கமாக, நன்றாக இருப்பது போலக்கூடத் தோன்றும். தொட்டதும் பிடிக்கிறது என்று நீ எழுதியிருப்பதும் அதனால்தான். அப்புறம் வளையம் உப்பி, பிரேக் கட்டை சக்கரத்தின் டிஸ்க் தகட்டை விடாது. உரசும், சூடேறும். நீண்ட இறக்கத்தில் ஒரு கட்டத்தில் லீவர் சும்மா கைப்பிடி வரை வந்துவிடும்.

அதனால் ஓட்டாதே. பைக்கை வேனில் ஏற்று, வீட்டுக்கு வந்துவிடு. ஒரு நாள் வேலை, வளையங்களை மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். மறுபடி கிளம்பிப் போய்க்கொள்ளலாம், நான் தடுக்கமாட்டேன். வழியில் வேறு யாரிடமும் கொடுத்துப் பிரிக்காதே. அந்தப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இந்த பிரேக் பழக்கம் இருக்காது, திருகைக் கெடுத்துவிடுவார்கள்.

இதை உன் இரண்டாவது ஊருக்கு அனுப்புகிறேன். எட்டாம் தேதிக்குள் வாங்கிவிடு.

என்றும் உன்
மெக்கானிக்



இரண்டாவது ஊர்
மார்ச் 9

என் மெக்கானிக்குக்கு,

உன் கடிதத்தைத் தபால் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தே படித்தேன். முதல் பக்கம் படிக்கும்போது சிரித்துக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தம், இரண்டு டம்ளர். இந்த ஆளிடம் திரும்பிப் போகலாமே என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பினேன்.

சுருட்டை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, மறுபடியும் விரிசலா?" என்றாள்.

அவள் அப்படிக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு பயணத்துக்கு முதல் நாள், என் பைக்கின் சட்டத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறது என்றாய். பெடலுக்கு மேலே, குனிந்து பார்த்தால் தெரியும் இடத்தில். விளக்கடித்துக் காட்டினாய். இரும்பு எப்படிக் களைத்துப்போகும், எங்கே முதலில் விடும் என்று காகிதத்தில் படம்கூட வரைந்தாய். பைக் எட்டு மாதம் கடைக் கொக்கியில் தொங்கியது. நீ உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரம் நான் அதை வேறு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, "பெயிண்ட் கீறல்மா" என்றார். எட்டு மாதம், ஒரு கட்டைவிரல். அதற்கு முன்னால் வேன் டயர். அதற்கும் முன்னால் என் முழங்கால். நீ நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாய், ஆனால் நான் எங்கும் போகக்கூடாது என்று உனக்குத் தோன்றினால் மட்டும் என்னைச் சுற்றி எல்லாம் பழுதாகிவிடுகிறது.

நீ சொல்லும் அறிகுறியைப் பார். "நன்றாக இருப்பது போலத் தோன்றும்." அப்படி என்றால் உலகத்தில் எந்த பைக்தான் தப்பும்? இன்று காலைகூட ஓட்டினேன். நன்றாகப் பிடிக்கிறது. நான் இதை எழுதுவதே உனக்குச் சாட்சி ஆகிவிடுகிறது என்பதும் தெரிகிறது.

பதிவேட்டு அறையில் ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவ விடுப்புக் கேட்டு வரும் கடிதங்களில் எது நிஜக் காய்ச்சல் என்று தெரிந்துவிடும். நிஜக் காய்ச்சல்காரர் ஒரு வரி எழுதுவார். மற்றவர்கள்தான் இருமலின் நிறம் வரை எழுதுவார்கள். உன் கடிதத்தில் ஆயிலின் நிறம் இருக்கிறது.

இது நிஜம் என்றால் ஒரு வரி எழுது. விவரம் வேண்டாம்.

பதினான்காம் தேதி மலைமுகட்டிலிருந்து இறங்கும் பெரிய பாதையில் போகிறோம், ஒன்பது கிலோமீட்டர் இறக்கம். நான் இரண்டு வருடமாகக் காத்திருக்கும் பாதை. அதற்கு முன் மூன்றாவது ஊர்த் தபால் நிலையத்தில் பார்ப்பேன்.

வாலு



வீடு
மார்ச் 11

வாலுவுக்கு,

பிரேக் விட்டுப்போகும். ஓட்டாதே.

ஒரு வரி கேட்டாய், எழுதிவிட்டேன். இத்தோடு உறையை ஒட்டியிருக்க வேண்டும். முடியவில்லை.

விரிசல் பொய். நான் ஒருபோதும் அதை வாயால் ஒப்புக்கொள்ளவில்லை, "நான் தப்பாகப் பார்த்திருப்பேன்" என்றுதான் சொன்னேன். தப்பாகப் பார்க்கவில்லை. கீறல் என்று தெரியும். டயர் பொய். முழங்கால் பாதி நிஜம். நீ போனால் திரும்பி வரமாட்டாய் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது, அப்போது கையில் எது கிடைக்கிறதோ அதைப் பழுது என்கிறேன். எனக்குத் தெரிந்த பாஷை அதுதான்.

இது அப்படி இல்லை. இது நிஜம். நிஜமாக இருக்கும் ஒரே தடவை நீ நம்பவில்லை என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

ஒரு சோதனை சொல்கிறேன். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் வேகமாகச் சுற்றிவிடு. நல்ல சக்கரம் இருபது, முப்பது சுற்றுச் சுற்றும். மூன்று சுற்றில் நின்றால் வளையம் உப்ப ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போதாவது நம்பு. ஏறி உட்காராதே. அவளையும் உட்கார விடாதே.

மறுபடி சொல்கிறேன், யாரிடமும் பிரிக்கக் கொடுக்காதே. நான் பார்த்துக்கொள்கிறேன். நான் செய்தது, நான்தான் சரிசெய்ய வேண்டும்.

மலைமுகாம் அலுவலகத்துக்கு இரண்டு நாளாகப் போன் செய்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

உன்
மெக்கானிக்



மூன்றாவது ஊர், விடுதி
மார்ச் 15

என் அன்பு மெக்கானிக்குக்கு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

சுருட்டைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. இடது முழங்கையில் பதினான்கு தையல். பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறாள். கட்டுப் போட்ட டாக்டரிடம், "கையை அப்படிப் பிடிக்காதீங்க, நானும் டாக்டர்தான்" என்று அதட்டினாள். "நீங்க எந்த எலும்புக்கு?" என்று அவர் கேட்க, "பல்லுக்கு" என்றாள். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

நேற்றுக் காலை உன் கடிதத்தை வாங்கிக்கொண்டுதான் மேலே போனோம். முகட்டில் வண்டியை நிறுத்தியதும் நீ சொன்னபடி முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன். ஒன்றரைச் சுற்று. நின்றுவிட்டது. மறுபடி சுற்றினேன், அதே ஒன்றரை. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவள், "மண்ணு சிக்கியிருக்கும்டி. நேத்து சேத்துல ஓட்டினோம்ல" என்றாள்.

"இல்லடி, அவன் எழுதின மாதிரியே இருக்கு."

"அவன் எழுதினா அப்படித்தான் இருக்கும். உன்னை அப்படித்தானே ட்ரெயினிங் பண்ணி வச்சிருக்கான். குடு, நான் ஒரு வளைவு ஓட்டிக் காட்டறேன்."

நான் கொடுத்தேன். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு "வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன்னை நம்பினால் மறுபடியும் அந்தக் கொக்கிக்கே போய்விடுவேன் என்று தோன்றியது. நீ பொய்யாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் ஆசையை அவள் ஓட்டிக்கொண்டு போனாள்.

முதல் வளைவில் கை அசைத்தாள். இரண்டாவது வளைவைத் தாண்டியதும் எரிந்த வாசனை மேலே வரை வந்தது. அப்புறம் அவள் குரல். வார்த்தை இல்லை, குரல் மட்டும். முன் லீவர் கைப்பிடி வரை தொப்பென்று வந்துவிட்டதாம். பின் பிரேக்கைப் பிடித்த பிடியை விடாமல் பாறைப் பக்கம் சாய்ந்து விழுந்திருக்கிறாள். மறுபக்கம் பாறை இல்லை. மறுபக்கம் எதுவுமே இல்லை. நான் ஓடிப்போனபோது முன் டிஸ்க் நீலமாகக் கறுத்திருந்தது. பக்கத்தில் காய்ந்த புல் புகைந்துகொண்டிருந்தது.

நீ நிஜம் சொன்னாய். இதை எழுத ஒரு நாள் ஆகியிருக்கிறது எனக்கு. பொய் சொன்னவன் நீதான், ஆனால் நிஜத்தையும் பொய்யாகவே கேட்கிற காதை நான் வளர்த்துக்கொண்டேன். அந்தக் காதுக்கு அவள் எலும்பைக் கொடுத்திருக்கிறாள். கவனம் தப்பிப் புட்டியை மாற்றிவிட்ட ஒரு மனிதன் இரண்டு கடிதத்தில் கத்தியதை நான் இருமலின் நிறம் என்று கேலி செய்தேன். என்னை மன்னித்துவிடு.

வீட்டுக்கு வருகிறேன். இருபத்து நான்கு வரை வேண்டாம். அவளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு சனிக்கிழமை வருகிறேன். அங்கே நாம் உட்கார்ந்து பேசுவோம். விரிசல், டயர், எல்லாம். பேச முடியும் என்று இப்போது நினைக்கிறேன்.

காவலாளி விபத்து நோட்டில் எழுத வேண்டுமாம், அதற்கு ஒரு மெக்கானிக்கின் குறிப்பு கேட்கிறார். இந்த ஊரில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. நாளைக் காலை அவர் பிரேக்கைப் பிரித்து எழுதித் தருவார். பிரிக்காதே என்று நீ சொன்னது நினைவிருக்கிறது, ஆனால் வேறு வழி இல்லை. திருகைக் கெடுத்தால் நீ திட்டிக்கொள்.

உன்
வாலு



மூன்றாவது ஊர், விடுதி
மார்ச் 16

இந்த ஊர் சைக்கிள் கடைக்காரர் பெரிய உடம்புக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அது எங்கே என்று தேடுகிறவர். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. பைக்கை ஸ்டாண்டில் மாட்டினார். முதலில் முன் பிரேக்கைப் பிரித்தார். உங்கள் கடிதத்தில் இருந்தபடியே மஞ்சளாக, கலங்கலாக ஆயில் வந்தது. ரப்பர் வளையம் நனைந்த ரொட்டித் துண்டு மாதிரி உப்பிப்போயிருந்தது.

"கார் ஆயில்" என்றார்.

"ஆமா. தெரியும். என் வீட்டுக்காரர்தான் ஊத்தினார். மாத்தி ஊத்திட்டார், பாவம். அவரும் மெக்கானிக்."

"மெக்கானிக்கா?" என்றார். பின் பிரேக்குக்குப் போனார். குழாயைச் செருகித் திருகைத் தளர்த்தினார்.

சிவப்பாக வந்தது. சுத்தமாக, கண்ணாடி மாதிரி.

அவர் நிறுத்தினார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "ரெண்டையும் ஒரே ஆள்தான் செஞ்சாரா?"

"ஆமா."

"ஒரே நாள்லயா?"

"ஒரே காலையில."

அவர் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நாங்க ஒரு புட்டியை எடுத்தா ரெண்டையும் முடிச்சிட்டுத்தான்மா கீழ வைப்போம். தப்பான புட்டியை எடுத்தா ரெண்டும் தப்பாப் போயிருக்கும். ஒண்ணு நல்லா இருக்கறதுக்கு, நடுவுல புட்டியைக் கீழ வச்சுட்டு வேற புட்டியை எடுக்கணும்" என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போலக் குனிந்துகொண்டார். "நான் குறிப்புல நிறத்தை மட்டும் எழுதறேன். மத்தது நீங்க பாத்துக்கங்க."

நான் அவர் கடை வாசலில் ஒரு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன்.

நீங்கள் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதும் பொய்யை விட்டுவிடுவீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் அதை நிஜமாக்கக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். இந்தத் தடவை வேறு கடைக்குப் போனாலும் கட்டைவிரலால் துடைத்துவிட முடியாத பழுதாக ஒன்றைச் செய்து, அதைப் பற்றி நீங்களே எழுதி எச்சரித்து, நான் பயந்து வீட்டுக்கு ஓடிவர வேண்டும். வந்தும் இருப்பேன். நேற்று எழுதிய கடிதம் உங்களுக்கு நாளை கிடைக்கும். அதில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அதைத் திரும்பக் கேட்க முடியாது. வைத்துக்கொள்ளுங்கள்.

பின் பிரேக்கை ஏன் நல்லதாக விட்டீர்கள் என்றும் யோசித்தேன். நான் சாகக் கூடாது என்று நினைத்திருக்கிறீர்கள். எவ்வளவு பயந்தால் போதும், எவ்வளவு பிழைத்திருந்தால் போதும் என்று எனக்கு அளவு எடுத்திருக்கிறீர்கள். அந்த அளவுக்குள் சுருட்டை இல்லை. அவள் பாறைப் பக்கம் சாய்ந்தது அவளுடைய அதிர்ஷ்டம், அதில் உங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை.

கடைக்காரர் ஆயிலை இரண்டு மருந்துப் புட்டியில் ஊற்றி, மூடி, "முன்", "பின்" என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவில்லை, அவரே செய்தார். இரண்டும் என் பையில் இருக்கின்றன. "போலீஸ்ல குடுடி" என்கிறாள் சுருட்டை. உடைந்தது அவள் எலும்பு என்பதால் முடிவும் பாதி அவளுடையது. நான் இன்னும் எதுவும் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தால் உங்களுக்குத் தெரியவரும்.

நான் வரமாட்டேன். சனிக்கிழமையும் இல்லை, இருபத்து நான்காம் தேதியும் இல்லை. என் பொருட்களை என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வந்து எடுத்துக்கொள்வார்கள். அப்போது நீங்கள் கடையில் இருங்கள். இனி எந்த ஊர்த் தபால் நிலையத்திலும் எனக்குக் கடிதம் இருக்கிறதா என்று கேட்கமாட்டேன்.



வீடு
மார்ச் 17

என் தங்க வாலுவுக்கு,

பதினைந்தாம் தேதிக் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற முதல் வரியை நாற்பது தடவை படித்திருப்பேன். அவளுக்கு இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை. அவளிடம் சொல், நான் மிகவும் வருத்தப்பட்டேன் என்று.

நீ எதற்கு மன்னிப்புக் கேட்கிறாய்? கேட்காதே. வீட்டைக் கழுவிவிட்டேன். சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை, நான் நாள் முழுக்க வாசலில்தான் இருப்பேன். நாம் பேசுவோம். நீ கேட்பதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

பைக்கை அந்தக் கடைக்காரரிடம் கொடுக்காதே. கொடுத்திருந்தால் உடனே போய் வாங்கிவிடு. குறிப்புத்தானே வேண்டும்? நான் எழுதித் தருகிறேன், என்னிடம் கடை முத்திரை இருக்கிறது, அது போதும். ஒருவேளை அவர் பிரித்தே விட்டார் என்றால் வந்த ஆயிலை உடனே கீழே கொட்டச் சொல். கார் ஆயில் விஷம், தோலில் பட்டால் புண்ணாகும், வைத்திருக்கக் கூடாது. அவர் உன்னிடம் ஏதாவது சொன்னால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஒரு மெக்கானிக்கின் வேலையை இன்னொரு மெக்கானிக் குறை சொல்வது இந்தத் தொழிலில் வழக்கம்.

இன்று கடைசி பஸ்ஸைப் பிடித்து நானே வந்துவிடலாமா என்று பார்த்தேன். இந்தக் கடிதத்துக்கும் எனக்கும் ஒரே நேரம்தான் ஆகும். ஆனால் நீ வருவதாக எழுதியிருக்கிறாய். நான் கிளம்பி, நீயும் கிளம்பி, நடுவில் தவறவிட்டால்? வீட்டிலேயே இருக்கிறேன்.

சீக்கிரம் வா.

உன் உன் உன்
மெக்கானிக்



வீடு
மார்ச் 21

வாலுவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் பட்டியலில் இருக்கும் கடைசி ஊருக்கு அனுப்புகிறேன். நீ கேட்கப்போவதில்லை என்று எழுதிவிட்டாய். பதினைந்து நாள் அங்கே இருந்துவிட்டு என்னிடமே திரும்பி வரும். உன் அலுவலக முகவரி எனக்குத் தெரியும். அங்கே அனுப்பமாட்டேன். அந்த வாசலுக்கும் வரமாட்டேன்.

உன் தங்கை நேற்று வந்து போனாள். நீ சொன்னபடி கடையிலேயே இருந்தேன். உன் தங்கை வீட்டுக்காரர் வேனை எடுக்கும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்கு நீ எதுவும் சொல்லவில்லை என்று அதில் தெரிந்தது.

அந்தக் கடைக்காரர் சொன்னது சரி. பின் பிரேக்கை நான் நல்லபடியாகச் செய்தேன். காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல், இரண்டு தடவை எடுத்து, ஒழுங்காக. அதை முடித்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் வேன் வந்து நின்றது. நீ வாசலுக்கு ஓடினாய். அவள் ஏதோ சொன்னாள், நீ சிரித்தாய். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ நாளாகக் கேட்கவில்லை. எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தேன், அது உன்னிடம்தான் இருந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் இல்லை. புட்டியைக் கீழே வைத்தேன். அடுத்ததை எடுத்தேன். நிறம் பார்த்துத்தான் எடுத்தேன்.

நீ அளவு என்று எழுதியிருந்தாய். அளவெல்லாம் நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அவளும் ஓட்டுவாள் என்று தோன்றியிருக்கும். நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான், நீ எனக்குக் கடிதம் எழுதிக் கேட்பாய் என்று. என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்பாய் என்று.

அந்தப் புட்டிகளை நீ எங்கே கொடுத்தாலும் சரி. என்னைக் கேட்டால் நிறத்தைச் சொல்லிவிடுவேன்.

இன்று காலை, நாலு வீடு தள்ளி இருக்கும் கணக்கு டீச்சர் வந்தார். "வேற ஒண்ணுமில்ல, பிரேக்கை மட்டும் பாருங்க. இறக்கத்துல கொஞ்சம் இழுக்குது" என்றார். சாதாரணக் கம்பி பிரேக். ஆயில் கிடையாது, புட்டி கிடையாது. இரண்டு திருப்புத் திருப்பினால் முடிந்தது. நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, வீட்டுல ஆள் இல்லேன்னா கையே ஓடாதா?" என்று டீச்சர் சிரித்தார்.

"வேற கடையில குடுங்க டீச்சர்."

"ஏன், இது உங்களுக்குத் தெரியாத வேலையா?"

"தெரிஞ்ச வேலைதான்."

அவர் என்னைப் பார்த்தார், பைக்கைப் பார்த்தார். பிறகு அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். வந்தபோது ஓட்டிக்கொண்டுதான் வந்தார். போகும்போது ஏறவில்லை. தெரு முனை வரை தள்ளிக்கொண்டே போனார்.

மெக்கானிக்